இரண்டு சீட்டு ஒட்டிய தாள்

அந்தத் தாளின் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் காகிதப் பை ஒட்டியிருக்கிறது. தீப்பெட்டி அகலம் இருக்கும். நான் மடித்தது. செடியை ஒட்டும்போது உதிர்கிற விதையையோ இதழையோ தூக்கிப் போடக் கூடாது, அந்தத் தாளிலேயே ஒரு பை செய்து அதற்குள் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் வழக்கம். அந்தப் பையில் முதலில் இருபத்தொரு விதைகள் இருந்தன. இப்போது ஒன்பது இருக்கின்றன. கடுகில் கால்வாசி அளவு, கறுப்பு, ஒரு பக்கம் தட்டை. போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குத் தாள்களைப் படம் பிடிக்க வந்த பெண், அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. பேசுவதற்கு எனக்கு வராது. எழுதினால் எதிரில் ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் போத்தனூர்க்காரன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதற்குமேல் தமிழில் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. முப்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னால் கோவையில் ஒரு ஹெர்பேரியத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். செடிகளைக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்த இடத்தில் எந்த நாளில் யார் பறித்தது என்ற விவரச் சீட்டைக் கீழே ஒட்டி, இரும்பு பீரோக்களில் அடுக்கி வைக்கும் இடம் அது. பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசம் முகத்தில் அடிக்கும். வெள்ளைக்காரர் காலத்துத் தாள்கூட இலை உதிராமல் இருக்கும். உதிராமல் இருப்பதற்காகத்தான் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு செடியையும் பாதரச விஷம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்போம். முக்குவது, காயவைப்பது, ஊசி நூலால் தண்டைத் தைப்பது, பசை போடுவது எல்லாம் என் வேலை. சீட்டில் இருக்கும் ஆங்கிலம் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். எண் ஒன்றைத்தான் எங்கள் வேலை முழுக்க நம்பியிருந்தது.

மேடம் அங்கே தாவரவியலாளராக இருந்தார். என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பும் மாடும் உள்ள குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை யாராவது கேட்டால், "செடிய நோண்டறவளுக்கு எங்கீங்க நேரம்" என்று சிரித்துவிடுவார். அலுவலகத்தில் டாக்டர் என்று பலகை இருந்ததால் காட்டோரக் கிராமங்களில் ஜீப் ஓட்டுநர் டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று சொல்லித் தொலைத்துவிடுவார். உடனே நாலு பேர் வந்து முட்டிவலி சொல்வார்கள். மேடம் மறுக்காமல் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் இங்கயேதான் வலிக்குதுங்க. நல்ல டாக்டரு கெடைச்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்பார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கடிந்து பேசுகிற அதிகாரியிடம் தப்பை ஒப்புக்கொள்வது சுலபம். ஒரு திட்டு, அதோடு முடிந்தது. திட்டாதவரிடம் போய்ச் சொல்வதற்குத்தான் கால் வராது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

என்னிடம் அவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று. "நம்பரு போச்சுன்னா செடி வெறும் வைக்கோலுங்க. அப்பறம் மாட்டுக்குத்தான் போடோணும்." காட்டில் ஒரு செடியைப் பறித்ததும் மேடம் தன் நோட்டில் ஓர் எண்ணைப் போட்டு, இடம், மண், பூவின் நிறம் எல்லாம் எழுதுவார். அதே எண்ணை நான் சிறு அட்டைச் சீட்டில் எழுதிச் செடியின் தண்டில் நூலால் கட்ட வேண்டும். அதற்குப்பின் அந்தச் சீட்டுத்தான் அந்தச் செடியின் ஊர், பெயர், பிறப்பு எல்லாம்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. அன்னூரைத் தாண்டி வடக்கே போனால் மழை மறைவில் கிடக்கும் வறண்ட காட்டில் ஒரு சரணாலயம் இருக்கிறது. ஊஞ்சை மரமும் உடைவேலும் கிளுவையும் நிற்கும் முள்ளுக்காடு. மான்கள் உண்டு. பெரும்பாலான மாதங்களில் அங்கே தரையில் பச்சை என்று ஒன்றும் இருக்காது. மழை பெய்து பத்து நாளில், எங்கே இருந்தன என்றே தெரியாத சிறு செடிகள் முளைத்து, பூத்து, விதைத்து, கார்த்திகை முடிவதற்குள் காய்ந்து பொடியாகிவிடும். மேடம் அவற்றைப் பாலைவனச் செடிகள் என்பார். வடக்கே மணல்காட்டில் வாழ்கிற செடிகளின் சொந்தக்காரர்கள் இங்கே தனியாகத் தங்கிப்போயிருக்கிறார்கள் என்பார். அவற்றைத் தேடித்தான் மூன்று நாள் போயிருந்தோம்.

முதல் நாள் மதியம் ஒரு செம்மண் மேட்டில் விரல் உயரமே உள்ள ஒரு செடியை வேரோடு எடுத்தார். மறுநாள் காலை, மேட்டிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, ஓர் ஓடைக்கரையில் அதே மாதிரி இன்னொன்று. அந்தக் கரையில் மண் வெள்ளை. சுண்ணாம்புக் கல்லான சுக்காங்கல் பொடிந்து கிடக்கும். இரண்டு செடியிலும் பூ வாடி, காய் பிடித்திருந்தது. இரண்டும் ஒரே சாதாரணச் செடிதான் என்று அவர் அப்போது நினைத்தார். நோட்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விவரம் எழுதினார். தண்டு நூலைத் தாங்காது என்பதால் எண் சீட்டைக் கட்டாமல், செடியை வைத்த செய்தித்தாள் மடிப்புக்குள் அப்படியே போட்டேன்.

மூன்றாம் நாள் காலை வன விடுதியில் மேசைமேல் மடிப்புகளைப் பிரித்து ஈரத்தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். மேடம் வனக்காவலரோடு வெளியே போயிருந்தார். இரவிலிருந்து இல்லாத மின்சாரம் திடீரென்று வந்து, மேலே இருந்த காற்றாடி சுற்றத் தொடங்கியது. தாள்கள் பறந்தன. கட்டிய சீட்டுகள் செடியோடு கிடந்தன. கட்டாத இரண்டு மட்டும் தரையில் கிடந்தன. நூற்றுப்பதினேழு. நூற்று முப்பத்திரண்டு. இரண்டு செடிகளும் அக்கா தங்கை மாதிரி ஒரே முகமாக இருந்தன. வாசலில் மேடம் காவலரோடு பேசிக்கொண்டு வருவது கேட்டது. அவர் வந்ததும் கேட்டிருக்கலாம். வேரைப் பார்த்தே சொல்லியிருப்பார், அல்லது இரண்டையும் தூக்கி எறிந்திருப்பார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் சொன்ன வைக்கோல் என் காதில் இருந்தது. இதுதானிருக்கும் என்று ஒரு மடிப்பில் ஒன்றையும் இன்னொரு மடிப்பில் மற்றதையும் வைத்தேன். மேடம் உள்ளே வந்து, "காத்தாடி போட்டாச்சா, நல்லதுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் நடந்ததுதான் எல்லாம்.

இரண்டு வாரம் கழித்து ஒட்டும்போது எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒட்டுவதற்கு முன் வேரில் இருக்கும் மண்ணைத் தூரிகையால் தட்டி எடுப்பேன். செம்மண் மேடு என்று எழுதிய எண்ணோடு இருந்த செடியின் வேரில் வெள்ளை மண். வேர் முடிச்சில் ஒரு சுக்காங்கல் பொடி, அரிசிக் குருணை மாதிரி. மற்றதன் வேரில் செம்மண். மாறிவிட்டது. அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆயிரக்கணக்கான தாள்களில் ஒரு களைச்செடி, இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மண்ணைக் குப்பைத் தொட்டியில் தட்டினேன். செடியை விஷத்தில் முக்கினேன். காயவைத்தேன். தைத்தேன். உதிர்ந்த விதைகளை எண்ணிப் பையில் போட்டேன். இருபத்தொன்று.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மேடம் உருப்பெருக்கியில், செம்மண் மேடு என்று சீட்டு ஒட்டிய அந்தத் தாளை வைத்துக் காலை முழுக்கக் குனிந்திருந்தார். மதியம் சாப்பிடப் போகவில்லை. மூன்று மணிக்குமேல் எழுந்து என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. இது நாம் நினைத்த செடி இல்லை, வேறு. வெள்ளைக்காரர் காலத்தில் ஒரே ஒருவர் கோவைப் பக்கம் என்று மட்டும் எழுதி ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறார், அதற்குப்பிறகு தெற்கே யார் கண்ணிலும் படவில்லை, பாலைவனச் செடி, அற்றுப்போயிற்று என்று எழுதியே வைத்துவிட்டார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். "நம்ம பறிச்சிருக்கமுங்க. நீங்களும் நானும்." அடுத்த நாள் அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு. வாயில் வைத்ததைக் குழாயடிக்குப் போய்த் துப்பினேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்த மகிழ்ச்சியில் கை வைக்க மனசு வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஐந்தாம் வகுப்புக்காரனை நம்பி எண்ணைக் கொடுத்தது தப்பு என்று அவர் ஒரு முறை நினைத்துவிட்டால் எனக்கு அங்கே வேறு என்ன இருக்கிறது.

அவர் அந்தச் செடியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். வனத்துறைக்குக் கடிதம் எழுதினார். செம்மண் மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அடுத்த மழைக்குப் போனோம். மேட்டில் முட்டி போட்டு ஒவ்வொரு சாணாகப் பார்த்தார். சாதாரணச் செடி இருந்தது. அது இல்லை. மழை போதவில்லை என்றார். ஓடைக்கரைக்கும் போய்ப் பார்க்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமலேகூட அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த கோடையில்தான் அந்தக் காட்டின் வனச்சரகர் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கோடையில் மான்கள் தண்ணீருக்கு ஊருக்குள் வந்து நாய்களிடம் சிக்குகின்றன, காட்டுக்குள் குட்டை வெட்ட உத்தரவு வந்திருக்கிறது என்றார். மேட்டின் அடிவாரத்தைத்தான் முதலில் குறித்திருந்தார்களாம். மேடத்தின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவரையே ஓர் இடம் காட்டச் சொல்லி வந்திருந்தார். மரியாதையான மனிதர். மேடம் வரைபடத்தின்மேல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு விரலை நகர்த்தினார். நான் ஒரு தட்டில் மூன்று தம்ளர் டீயோடு பக்கத்தில் நின்றேன். வரைபடத்தில் மேடு எது, ஓடை எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். விரல் ஓடையின்மேல் போய் நின்றது.

"இங்க வெட்டிக்குங்க. நான் நடந்து பாத்த எடம். அபூர்வமா ஒண்ணுமில்லீங்க."

நான், "மேடம்" என்றேன். நான் அப்படிக் குறுக்கே பேசுகிறவன் இல்லை. அதனால் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடம், சரகர், அவரோடு வந்தவர். காற்றாடி சத்தம் மட்டும் கேட்டது. மேடம், "சொல்லுங்க" என்றார்.

"சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கனுங்க" என்றேன்.

"அதே போதுமுங்க" என்று தம்ளரை எடுத்துக்கொண்டார். சரகர் சிவப்புப் பென்சிலால் ஓடைக்கரையில் ஒரு வட்டம் போட்டார்.

ஆனியில் இயந்திரத்தைக் கொண்டுபோய் ஒரு வாரத்தில் வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்து வந்த தவக்காலத்தில் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம், பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஒரு பூண்டுச் செடிக்காகவா இவ்வளவு" என்றார். முழுக்கக் கேட்டபிறகு, அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வா, அப்புறம் மன்னிப்பைப் பற்றிப் பேசலாம் என்றார். நான் போகவில்லை. மன்னிப்புக் கிடைக்காதவன் வாங்கக் கூடாது என்பதால், பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதை நிறுத்தினேன். ஞாயிறு பூசையில் எல்லோரும் வரிசையில் எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு என் மனைவி ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"யாரந்தப் பொம்பள?"

செடி என்றேன். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பேரு செடியா?" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நான் செத்தே போயிருவேன், நானே போய் அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன் என்றாள். கெஞ்சித் தடுத்தேன். அதுவும் என் தப்புத்தான்.

மழை பொய்த்த வருஷம் போக ஏழு மழைக்காலம் மேடம் தேடினார். ஒவ்வொரு முறையும் நான் செடிகளை வைத்து இறுக்கும் அழுத்துப்பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இல்லாத இடத்தில் ஒருவர் தேடுவதை, இல்லை என்று தெரிந்த ஒருவன் பின்னால் நின்று பார்ப்பது என்ன வேலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முட்டி போட்டால் நானும் போடுவேன். அவர் புல்லை விலக்கினால் நானும் விலக்குவேன். சில சமயம், கடவுள் மேட்டிலும் ஒன்றைப் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று உண்மையாகவே தேடுவேன். அவருக்கு முட்டி மோசமாகிக்கொண்டே வந்தது. எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய தாவரவியலாளர் மேட்டைப் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் இந்தச் செடி வளர வாய்ப்பே இல்லை என்று எழுதினாராம். வடக்கே எங்கேயோ பறித்ததை இங்கே பறித்ததாக எழுதிவிட்டார்கள் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். இதை மேடம் என்னிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் பேசியதைக் கேட்டேன். சிரித்தபடி பேசினார்கள்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் இருந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்த நேரம். கடைசியாக ஒரு தடவை போய்வரலாம் என்றார். காலையிலிருந்து மதியம்வரை மேட்டில் இருந்தோம். அவரால் முட்டி போட முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து பார்த்தார். புடவையெல்லாம் செம்மண். ஓரிடத்தில் நின்றுவிட்டார். கையில் இருந்த உருப்பெருக்கியை மடியில் போட்டார்.

"நான் பாத்ததே பொய்யோன்னு இருக்குதுங்க" என்றார். "அவுங்க சொல்றதுதான் நெசமோ என்னமோ. எங்கயோ நாந்தான் கொழப்பிப்போட்டனோ."

மாறியது சீட்டு என்றேன். காற்றாடி, தரையில் விழுந்த இரண்டு எண்கள், வேரில் இருந்த வெள்ளை மண், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் நிற்காமல் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"ஒட்டறப்பவேங்க."

"கொளத்துக்கு எடங்காட்டறப்பப் பக்கத்துலதான நின்னீங்க."

"ஆமாங்க."

அவர் எழுந்திருக்க முயன்றார். நான் தோளைக் கொடுக்கப் போனேன். அவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முள்கம்பி உள்ளங்கையில் ஏறியது. அதைக்கூடப் பார்க்காமல் ஓடைப் பக்கம் நடந்தார்.

குட்டை நிறைந்து கிடந்தது. வானம் முழுக்க அதில் இருந்தது. அக்கரையில் ஏழெட்டு மான்கள் குடித்துக்கொண்டிருந்தன, ஒரு குட்டியும். வாய் வைத்து உறிஞ்சுகிற சத்தம் இந்தக் கரைக்குக் கேட்டது. காவலர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா காட்டுன எடமுங்க. இத்தன வருசத்துல ஒருக்காக்கூட வத்துல. ஒரு மானு வெளிய போயிச் சாகுலீங்க. கை ராசிங்க உங்குளுக்கு" என்றார். மேடம் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டார். ரத்தம் அதில் ஊறியிருந்தது. நல்லதுங்க என்று மட்டும் அவரிடம் சொன்னார். குட்டையை ஒரு சுற்று நடந்தார். வெட்டி எடுத்த வெள்ளை மண்ணையெல்லாம் கரையாகக் குவித்து, அதன்மேல் செம்மண் கொண்டுவந்து கொட்டிப் புல் நட்டிருந்தார்கள். மற்ற பக்கமெல்லாம் மான் குளம்பு பட்டுத் தரை மாவாகக் கிடந்தது. ஒன்றும் இல்லை. ஒரு சுற்று முடிந்ததும், நாம் எடுத்தது எந்த இடம் என்று கேட்டார். நான் தண்ணீரைக் காட்டினேன். கரையிலிருந்து எத்தனை தப்படி என்றார். நாற்பது இருக்கும், உள்ளே, என்றேன். இடம் காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். அவர் எப்போதும் எழுதுகிற மாதிரி எழுதினார்.

மறுநாள் பையைத் திறந்து பன்னிரண்டு விதைகளை எடுத்தார். நான் சொல்லாமல் இருக்க முடியாமல், விஷத்தில் முக்கியதுங்க என்றேன். "தெரிஞ்சேதான் போடறனுங்க" என்றார். கரையில் தோண்டி எடுத்து வந்த வெள்ளை மண்ணை ஒரு மண் சட்டியில் நிரப்பி, விதைகளைத் தூவி, அலுவலகத்தின் பின்னால் வைத்தார். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் நான் நாலு மாதம் தண்ணீர் தெளித்தேன். ஒரு நாள் காலை ஒரு பச்சை முளை இருந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் இலை விரிந்தது. குப்பைமேனி.

கடைசி நாள் வழியனுப்பு விழாவுக்கு முன்னால் ஒரு சிறு தாளில் தட்டச்சு செய்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். திருத்தச் சீட்டு. எங்கள் வேலையில் பழைய சீட்டு தப்பு என்று தெரிந்தாலும் அதைக் கிழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. சரியானதை வேறொரு சீட்டில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் இரண்டும் நூறு வருஷம் அருகருகே இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படித்துச் சொன்னார். செம்மண் மேடு என்ற இடம் தவறு, சரியான இடம் வெண்மண் ஓடைக்கரை, இப்போது அங்கே குட்டை, மறுபடி காணப்படவில்லை. கீழே அவர் கையெழுத்து. அதில் நான் இல்லை.

"என்ற பேர எழுதுங்கம்மா" என்றேன். மேடம் என்று சொல்லாமல் அம்மா என்று வந்துவிட்டது. "நாந்தான் மாத்துனேன்னு எழுதுங்க. படிக்கறவிய உங்களத்தான நெனைப்பாங்க."

"தாள்ல செடியப் பத்தித்தானுங்க எழுதறது" என்றார். "உங்களப் பத்தி எழுத அதுல எடமில்லீங்க. ஒட்டுங்க."

ஒட்டினேன். காய்கிறவரை பக்கத்தில் நின்றார். அதன்பின் விழாவுக்குப் போனார். மாலை போட்டார்கள். பேசச் சொன்னதற்கு, எல்லாருக்கும் நன்றிங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இப்போது கிணத்துக்கடவில் தோப்பில் இருக்கிறார். இங்கிருந்து நேர் பேருந்து இருக்கிறது, ஒரு மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருஷத்தில் நான் போகவில்லை. இரண்டு முறை பேருந்தில் ஏறி, ஒரு முறை கிணத்துக்கடவு நிறுத்தத்திலேயே இறங்கி, எதிர்ப் பேருந்தில் திரும்பி வந்தேன். அவரிடம் சொன்ன அடுத்த ஞாயிறே நான் நற்கருணை வாங்கலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். வாங்குகிறேன். பெஞ்சுக்குத் திரும்பி வந்து மண்டியிட்டால் மண்தான் ஞாபகம் வருகிறது.

போன மாதம் வந்த பெண் தாள்களையெல்லாம் படம் பிடித்து, சீட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றுகிறாள். இனி உலகத்தில் எங்கே இருப்பவரும் பார்க்கலாமாம். கலகலப்பான பெண், என்னை அண்ணா என்பாள். அந்தத் தாளை விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் படம் பிடித்து, பையையும் பிடித்து, பெரிய சீட்டைப் பார்த்து வேகமாகத் தட்டினாள். திரையில் காட்டின் படம் மேலிருந்து எடுத்த மாதிரி விரிந்தது. முள்ளுக்காடு, வேலி, செம்மண் மேடு. மேட்டின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அவள் அடுத்த தாளுக்குக் கை நீட்டினாள்.

"அம்மணி" என்றேன். "இன்னொரு சீட்டு இருக்குது பாருங்க."

"பெரிய சீட்டுல இருக்கறத மட்டும் அடிச்சாப் போதும்னு சொல்லியிருக்காங்கண்ணா."

"அது தப்புங்க. நாந்தான் மாத்துனது. சின்னதுல இருக்கறதுதான் நெசம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் வந்ததிலிருந்து நான் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. திருத்தச் சீட்டை விரலால் தொட்டுப் படித்தாள். பழைய இட எண்களை அழித்துவிட்டு அதில் இருந்த புதிய எண்களைத் தட்டினாள். புள்ளி மேட்டிலிருந்து எழுந்து, காட்டைக் கடந்து, நீல நிறமாகத் தெரிந்த குட்டையின் நடுவில் போய் நின்றது. சுற்றிலும் தண்ணீர்.

"தண்ணிக்குள்ள காட்டுதேங்கண்ணா. சரிதானா?" என்றாள்.

சரி என்றேன். அவள் சேமித்தாள். நான் பைக்குள் ஒன்பது விதைகளும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு, பழைய மடிப்பின் மேலேயே மடித்து மூடினேன்.